தற்காலிக உதவியா, வாழ்நாள் உரிமையா?: ஆஸ்திரேலிய முதியோர் பராமரிப்பில் உரைபெயர்ப்பு, 1973–2025

ஆஸ்திரேலியாவில் குடியேறியோருக்கான மொழி உதவியின் வரலாற்றை 1978ஆம் ஆண்டுக் கல்பலி அறிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. வழக்கறிஞர் பிராங்க் கல்பலி தலைமையில் உருவான அந்த அறிக்கையின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் முதியோர் பராமரிப்புக்கும் அதுவே அடித்தளம் என்ற வாசிப்பை ஏற்க இயலாது. இத்துறையில் அது இட்ட தடையும் பெரிது.

அறிக்கையின் நான்கு வழிகாட்டு நெறிகளில் கடைசி இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடியேறியோரின் தேவைகளைப் பொதுவாக அனைவருக்குமான சேவைகளே நிறைவேற்ற வேண்டும், தனிச் சேவைகள் இப்போதைக்கு வேண்டும் என்கிறது மூன்றாவது. அவர்கள் விரைவில் சொந்தக் காலில் நிற்கும்படி தன்னுதவியை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது நான்காவது. ஆண்டுகள் செல்லச் செல்ல மொழி உதவியின் தேவை குறையும் என்பதே இரண்டுக்கும் அடியிலுள்ள எதிர்பார்ப்பு.

ஆலை வேலைக்கு வந்த முப்பது வயது கிரேக்கருக்கு இது பொருந்தலாம். அவரே எண்பது வயதில் மறதிநோயுடன் பராமரிப்பு இல்லம் சேரும்போது நிலைமை தலைகீழாகிறது. பின்னால் கற்ற ஆங்கிலம் பெரும்பாலும் முன்னால் நழுவுகிறது. எங்கே வலிக்கிறது என்று இரவுப்பணித் தாதி கேட்டால், பதில் கிரேக்கத்தில் வருகிறது. பிள்ளைகளை வைத்துப் பேசலாமே என்பார்கள். சிறுநீர்க் கசிவை மகன் வாயால் சொல்லவைக்க எந்தத் தாய் விரும்புவாள்?

அறிக்கை புதிதாக வந்தவர்களுக்காக எழுதப்பட்டது, முதுமையை வைத்து அதைக் குறைசொல்வது முறையா என்று கேட்கலாம். முறைதான். போருக்குப் பின் 1947 முதல் திரளாக வந்தவர்களில் நடுவயதினராக இருந்தோர் 1978இல் முதுமையை எட்டிவிட்டனர். அறிக்கையை எழுதியவர்கள் அவர்களைக் கண்டும் விட்டுவிட்டார்களா, காணவே இல்லையா என்பதை நெறிகளின் வாசகத்தை மட்டும் கொண்டு தீர்மானிக்க முடியாது.

கல்பலி அறிக்கைக்கு முன்பே, 1973இல், சிட்னியிலும் மெல்பர்னிலும் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவை தொடங்கியிருந்தது. அவசர நேரத்தை முன்னிட்டுப் பிறந்த அது, தேவை எழும் கணத்தையே அளவாகக் கொண்டது. முதியோர் பராமரிப்பில் உரைபெயர்ப்புக்கு உண்மையான முன்னோடி இதுவே என்பேன்.

மொழி உதவியின் தேவை குறையும் என்ற எதிர்பார்ப்பு எப்போது தளர்ந்தது? ஒரே ஆண்டைச் சுட்டுவது பொருந்தாது. 1997ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டம் ஆங்கிலம் பேசாப் பின்னணியினரைச் சிறப்புத் தேவையுள்ளோர் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது இடங்களைப் பங்கிடும் திட்டமிடலுக்கானது. தனியொருவர் கையில் எதையும் தரவில்லை. 2019ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்பு உரிமைச் சாசனம், தம் பராமரிப்பைப் பற்றித் தமக்குப் புரியும் வகையில் அறியும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்தது. உரைபெயர்ப்பாளரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு இறுதி அறிக்கைக்குப் பின் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமே, விரும்பிய மொழியில் பேசும் உரிமையையும் தேவைப்படும்போது உரைபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையையும் உரிமைக் கூற்றில் எழுதியது.

அதே சட்டம், இந்த உரிமைகளை வைத்து நீதிமன்றம் செல்ல முடியாது என்றும் சொல்கிறது. மிஞ்சுவது முறையீடு. அந்த முறையீட்டைச் செய்யவும் முதியவருக்கு ஓர் உரைபெயர்ப்பாளர் வேண்டும். 1978இன் எதிர்பார்ப்பு சட்டத்தின் வாசகத்திலிருந்து நீங்கியிருக்கிறது. நடைமுறையிலிருந்தும் நீங்கிவிட்டது என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.