20 வருஷமாச்சு... துணைக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

"கல்யாணமாகி 20 வருஷமாச்சு. அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" இப்படிச் சொல்றவரா நீங்க? கொஞ்சம் பொறுங்க.

அமெரிக்க உளவியலாளர்கள் வில்லியம் ஸ்வான், மைக்கேல் கில் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜோடிகள் பழகிய காலம் கூடக்கூட, 'துணையை எனக்கு நல்லாத் தெரியும்' என்ற நம்பிக்கை கூடியது. ஆனால், துணையைப் பற்றிச் சரியாகச் சொல்வது அதற்கேற்பக் கூடவில்லை.

ஓசூரை ஒட்டிய மத்திகிரி மாதிரி இடங்களில் சிக்கல் இன்னும் அதிகம். சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி ஓடும் குடும்பங்கள். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, இவர் டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்புவார். ஒரே வீடுதான், ஆனால் இருவரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. அதுவும் "கேஸ் புக் பண்ணியாச்சா?", "ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா?" என்று போய்விடும். மற்றதெல்லாம் பழைய ஞாபகத்தில் ஓடும். புதுசில் மைசூர்பாகு பிடிக்கும் என்றார். இப்போது அவருக்குச் சுகர். நீங்க இன்னமும் தீபாவளிக்கு தீபாவளி மைசூர்பாகுதான் வாங்குறீங்க!

என்ன செய்யலாம்? கேட்டுவிடுங்கள். தால் எயல், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 25 பரிசோதனைகள் செய்து 2018-ல் வெளியிட்ட முடிவு இதுதான்: அடுத்தவர் இடத்தில் நம்மை வைத்து யோசித்தாலும் கணிப்பு துல்லியமாவதில்லை, நேரில் கேட்டால்தான் ஆகிறது. 'கேட்டா சர்ப்ரைஸ் போயிடுமே' என்றால், போகட்டுமே.

கேட்பதிலும் ஒரு விஷயம் உண்டு. "உனக்கு என்ன வேணும்?" என்றால், நம்மூரில் வரும் பதில் "ஒண்ணும் வேணாம்". "இந்த வாரம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். சாயங்காலம் வந்து நான் எதைப் பார்த்துக்கிட்டா உனக்கு ஈஸியா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு மணி நேரம் யாரும் எழுப்பாம தூங்கணும்" என்று பதில் வரலாம். பட்டுப்புடவையைவிட அது பெரிய பரிசு.

இன்னொன்று, கூப்பிட்டால் திரும்புவது. புதுமணத் தம்பதிகளை ஆய்வு செய்த ஜான் காட்மேன், 6 ஆண்டுகள் கழித்துச் சேர்ந்திருந்தவர்கள் துணையின் சின்னச் சின்ன அழைப்புகளுக்கு 86 சதவிகிதம் செவிசாய்த்திருந்ததைக் கண்டார். பிரிந்தவர்களிடம் அது 33 சதவிகிதம்தான். அழைப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. "மாட்டுப்பண்ணைப் பக்கம் இன்னிக்கு என்ன பனி பாத்தீங்களா?" என்பார். போனிலிருந்து தலையைத் தூக்கினால் போதும்.

இதெல்லாம் மனைவிக்கு மட்டும் சொல்லும் பாடம் இல்லை. அவர்தான் காலங்காலமாக வீட்டில் எல்லோரையும் திருப்திப்படுத்திக்கொண்டிருக்கிறாரே! அதேபோல, துணைக்குப் பயந்து மனம் கோணாமல் நடப்பதை அன்பென்று எண்ண வேண்டாம். அடி, மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்காக வெளிநாட்டுக்குப் போகிறது. அந்தச் சமயம் உள்ளூரிலும் விலை ஏறிவிடும். சாதாரண செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது வாங்கிப் பாருங்கள். ரோஜாவா, ரெண்டு முழம் மல்லியா என்று மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க.