யுடிலிட்டி கிளாஸ்: இணையக் கைநூல்களுக்கு ஓர் அறிமுகம்

ஒஸ்லோவில் இயங்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றுக்கு, ஆசிரியர்களும் பெற்றோரும் பார்த்துப் பயன்படுத்தவென்று இணையக் கைநூல் ஒன்றைச் செய்துகொடுத்தேன். பாடத்திட்டம், தமிழ்த் தட்டச்சு, வீட்டுப்பாட விளக்கம் என்று தமிழிலும் நோர்வேஜிய மொழியிலுமாக இருநூறு பக்கம் வரும். மென்பொருள்களுக்குப் பயன்பாட்டுக் கைநூல் எழுதுவதே என் தொழில் என்பதால் இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

வெளியிட்ட அன்று மாலையே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உம்மட குற்றெல்லாம் எங்கை போட்டுது?" என்றார். புள்ளியை எங்கள் ஊரில் குற்று என்போம். தன் கைத்தொலைபேசியில் தெரிந்த முதற்பக்கத் தலைப்பை அவர் அப்படியே வாசித்தும் காட்டினார். நான் எழுதியது 'தமிழ்க் கல்வி'. அவருக்குத் தெரிந்தது 'தமிழக கலவி'.

பிள்ளைகளின் பள்ளிக் கைநூலுக்கு இதைவிட மோசமான தலைப்பு அமையாது. தட்டச்சில் பிழை இல்லை. புள்ளிகள் கோப்பில் இருந்தன. பக்கத்தின் தோற்றத்தை அமைக்க நான் போட்ட இரண்டு சிறு பெயர்கள் அவற்றைத் திரையில் வெட்டிவிட்டன. அந்தப் பெயர்களுக்குத்தான் யுடிலிட்டி கிளாஸ் என்று பெயர். அவை என்ன, கைநூல் பக்கங்களில் எப்படிப் பயன்படுகின்றன, தமிழில் எங்கே கவனம் வேண்டும் என்பவற்றை இங்கே எழுதுகிறேன். பெயர்களை ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும்.

தொடக்கம்

ஓர் இணையப் பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று குறிப்பது எச்.டி.எம்.எல். அவை எந்த நிறத்தில், எந்த அளவில் தெரிய வேண்டும் என்று சொல்வது சி.எஸ்.எஸ். இதை 1994இல் முன்மொழிந்தவர் ஹோகொன் வியும் லீ என்ற நோர்வேக்காரர். அப்போது அவர் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்தார். 1996 டிசம்பரில் அதன் முதற்பதிப்பு முறையான பரிந்துரையாக வெளிவந்தது.

உள்ளடக்கம் ஓரிடத்தில், தோற்றம் வேறிடத்தில் என்ற பிரிவினை அதன்பின் வேதவாக்காயிற்று. டேவ் ஷே என்பவர் 2003இல் தொடங்கிய 'சி.எஸ்.எஸ். சென் கார்டன்' தளம் இதற்கு நல்ல சான்று. ஒரே எச்.டி.எம்.எல். கோப்புக்குப் பல வடிவமைப்பாளர்கள் ஆளுக்கொரு தோற்றம் கொடுத்தார்கள். கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக நின்றது.

ஆனால் பெரிய தளங்களில் இந்த முறை வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு வேறொரு கோப்பில் விதி எழுத வேண்டும். நாளடைவில் அந்தக் கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளாகப் பெருகும். ஒரு பக்கத்துக்காக ஒரு விதியை மாற்றினால் எங்கோ ஒரு மூலையில் வேறொரு பக்கம் குலையும். அதற்குப் பயந்தே எவரும் பழைய விதிகளை அழிக்க மாட்டார்கள்.

ஒரு பெயர், ஒரு வேலை

யுடிலிட்டி கிளாஸ் முறை இதைத் தலைகீழாக்குகிறது. எழுத்தைத் தடிப்பாக்க ஒரு பெயர், நடுவில் நிறுத்த ஒரு பெயர், உள்வெளி விட ஒரு பெயர் என்று, ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்யும் பெயர்கள் முன்கூட்டியே தயாராக இருக்கும். வேண்டியவற்றை எடுத்து எச்.டி.எம்.எல்.இலேயே வரிசையாக எழுதிவிடலாம். ஆடம் வாதன் 2017இல் வெளியிட்ட டெய்ல்விண்ட் இந்த முறையில் மிகப் பரவலானது. 2011இல் வந்த பூட்ஸ்ட்ராப், 2018இன் நான்காம் பதிப்பிலிருந்து இத்தகைய பெயர்களை நிறையவே தருகிறது.

புதிதாகத் தொடங்குவோர் மூன்று விடயங்களை நினைவில் வைப்பது நல்லது.

முதலாவது, பெயர் ஒன்றாயினும் அளவு ஒன்றல்ல. 'பி-4' என்பது நான்கு பக்கமும் உள்வெளி. டெய்ல்விண்டில் அது ஒரு ரெம், அதாவது வழக்கமாக 16 பிக்சல். பூட்ஸ்ட்ராப்பில் அதே பெயர் ஒன்றரை ரெம், 24 பிக்சல்.

இரண்டாவது, 'பி-2', 'பி-4' இரண்டையும் ஒன்றாகப் போட்டால் நீங்கள் கடைசியாக எழுதியது வெல்லும் என்றில்லை. சி.எஸ்.எஸ். கோப்பில் எது பின்னால் வருகிறதோ அதுவே வெல்லும்.

மூன்றாவது, டெய்ல்விண்ட் உங்கள் கோப்புகளைத் தேடிப் பார்த்து, பயன்படுத்திய பெயர்களுக்கு மட்டுமே விதி எழுதும். அது தேடும் கோப்புகளில் உங்கள் கைநூலின் மூலக்கோப்புகளும் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் எழுதியிருந்தும் ஒன்றும் நடக்காது.

கைநூலில் எங்கே போடுவது?

இன்றைய கைநூல்களை எச்.டி.எம்.எல்.இல் நேரடியாக எழுதுவோர் குறைவு. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் போன்ற எளிய குறிமுறையில் எழுதுகிறோம். ஒரு கருவி அதைப் பக்கமாக மாற்றித் தருகிறது. பத்திக்கும் பட்டியலுக்கும் கிளாஸ் போட மார்க்டவுனில் இடமே இல்லை. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, முழு உரையையும் சுற்றி ஒரே பெயர் போடுவது. டெய்ல்விண்டின் எழுத்தமைப்புச் செருகி தரும் 'புரோஸ்' அப்படிப்பட்டது. டெய்ல்விண்ட் தொடக்கத்திலேயே தலைப்புகளின் அளவையும் பட்டியல்களின் புள்ளிகளையும் நீக்கிவிடும். முதன்முறை பார்ப்பவர் பக்கம் பாழாகிவிட்டதென்று பதறுவார். 'புரோஸ்' அவற்றைத் திருப்பிக் கொடுத்து, பத்திகளுக்கு 1.75 மடங்கு வரி உயரமும் தரும்.

இரண்டாவது வழி, குறிப்பிட்ட ஒரு பத்திக்கோ படத்துக்கோ மட்டும் பெயர் இடுவது. எம்.கே.டாக்ஸ் கருவியில் பண்புப் பட்டியல் நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், பத்தியின் முடிவில் சுருள் அடைப்புக்குள் கிளாஸ் பெயரை எழுதலாம். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்கென்று உருவான ஸ்ஃபிங்ஸ் கருவியில் இதற்கென்றே 'ஆர்.எஸ்.டி.-கிளாஸ்' என்ற கட்டளை இருக்கிறது.

மூன்றாவது வழி, கருவியின் வார்ப்புருவில் போடுவது. மேற்பட்டை, பக்கப் பட்டியல், அடிக்குறிப்புப் பகுதி ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம். ஓரிடத்தில் எழுதினால் எல்லாப் பக்கங்களுக்கும் போய்ச் சேரும்.

தமிழுக்கு வேண்டிய மாற்றங்கள்

இனி என் புள்ளிகளுக்கு வருகிறேன். தலைப்புக்கு 'டெக்ஸ்ட்-5எக்ஸ்எல்' என்ற பெயரைக் கொடுத்திருந்தேன். அது எழுத்தை 48 பிக்சல் ஆக்குவதோடு வரி உயரத்தையும் எழுத்தளவுக்குச் சமமாக, 1 என்று வைக்கிறது. கூடவே, நீண்ட தலைப்புகள் மூன்று புள்ளியோடு ஒரே வரியில் முடியட்டும் என்று 'ட்ரன்கேட்' போட்டேன். அது கட்டத்துக்கு வெளியே நீட்டுவதை மறைத்துவிடும். ஆசிரியருடைய தொலைபேசியில் இருந்த எழுத்துருவில் புள்ளிகள் கட்டத்துக்கு மேலே நின்றன; மறைந்துபோயின. என் கணினியில் எழுத்துரு வேறு. அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

இந்த அளவுகள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அமைந்தவை. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இடம் கேட்கும். 'புரோஸ்' கூட முதல்நிலைத் தலைப்புக்கு ஏறத்தாழ 1.1 மடங்கு வரி உயரமே தருகிறது. தலைப்பு இரண்டு வரியானால் மேல்வரிச் சுழியும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொள்ளும். 'லீடிங்-டைட்' 1.25, 'லீடிங்-நோர்மல்' 1.5, 'லீடிங்-ரிலாக்ஸ்ட்' 1.625. தமிழ்த் தலைப்புக்கு நோர்மலுக்குக் கீழே நான் போவதில்லை.

வரி நீளத்திலும் ஒரு பொறி உண்டு. 'புரோஸ்' வரியை 65 சி.எச். என்று கட்டுப்படுத்துகிறது. சி.எச். என்பது அந்த எழுத்துருவிலுள்ள பூச்சியத்தின் அகலம். ண, ஞ, னை போன்றவை பூச்சியத்தைவிட நன்கு அகலமானவை. எனவே ஒரு வரியில் சில சொற்களே அடங்கும். நான் அதை 75 ஆக்கிக்கொண்டேன். இரு ஓரமும் சமமாக வரும்படி வரியை இழுக்கும் கிளாசையும் தவிர்த்தேன். நம் நீண்ட சொற்களுக்கிடையே அது பெரும் ஓட்டைகளை விடுகிறது.

சாய்வெழுத்துப் பெயரும் தமிழுக்கு உகந்ததல்ல. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சரித்துவிடும். அழுத்தம் வேண்டுமானால் தடிப்பெழுத்தே போதும். பெரிய எழுத்தாக்கும் கிளாஸ் தமிழில் ஒன்றுமே செய்யாது. எழுத்துகளை நெருக்கும் கிளாசைத் தொடாதிருப்பதே நல்லது.

எங்கே போடக்கூடாது?

புள்ளிச் சிக்கலை முதலில் அந்த ஒரு தலைப்பில் மட்டும் திருத்தினேன். பிறகுதான் மற்றைய பக்கங்களிலும் அதே பெயர் இருப்பது உறைத்தது. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவது வேலைக்காகாது. டெய்ல்விண்டின் அமைப்பில் ஒவ்வோர் எழுத்தளவோடும் சேர்ந்துவரும் வரி உயரத்தை மாற்றலாம். அங்கே ஒரே முறை மாற்றினேன். 'புரோஸ்' தலைப்புகளுக்கும் சுற்றுப் பெயரோடு சேர்த்து ஒரே முறை சொல்ல வசதி இருக்கிறது.

இதே பாடம் வேறோரிடத்திலும் கிடைத்தது. 'கவனிக்க' என்ற பெட்டி நாற்பது இடங்களில் வந்தது. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பின்னணி, எல்லைக்கோடு, உள்வெளி என்று ஐந்து கிளாஸ்களைக் கையாலேயே எழுதியிருந்தேன். மஞ்சளில் சாம்பல் எழுத்து முதியவர்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். நியாயம்தான், அணுகுதன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கின்றன. நாற்பது இடத்தையும் மாற்றப்போய் மூன்றைத் தவறவிட்டேன்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. 'கவனிக்க', 'எச்சரிக்கை', 'பயிற்சி' என்று பொருள் உள்ளவற்றுக்குப் பொருளையே பெயராக வைக்கிறேன். தோற்றத்தை ஓரிடத்தில் எழுதுகிறேன். ஒரு படத்தைச் சற்றுச் சிறிதாக்க, ஓர் அட்டவணைக்கு மேலே இடம் விட என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிய திருத்தங்களுக்கு யுடிலிட்டி கிளாஸ். மூன்றாம் முறை அதே சேர்க்கை வந்தால் அதற்கு ஒரு பெயர் வைக்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை பள்ளியில் ஆசிரியரைக் கண்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தொலைபேசியைக் கண்ணருகே பிடித்து, தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். "இப்ப குற்றெல்லாம் இருக்கு," என்றார். பிறகு ஏழாம் பக்கத்தைத் திறந்து ஒரு சந்திப் பிழையைக் காட்டினார். அது நான் எழுதியது. வீட்டுக்கு வந்ததும் திருத்தினேன்.