நாற்காலி புராணம்

நாற்காலி, நாற்காலி என்று சொல்கிறோமே, ஆபீசில் நாம் உட்காரும் சுழல் நாற்காலியை என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? அதற்கு ஐந்து கால். நாலே சக்கரம் இருந்தால் ஓரமாகச் சாயும்போது குடை சாய்ந்துவிடும் என்பதால் ஐந்தாவதைச் சேர்த்தார்கள். நியாயமாகப் பார்த்தால் 'ஐங்காலி' என்றுதான் கூப்பிட வேண்டும் :-)

இந்தக் கால் ஆராய்ச்சிக்குக் காரணம் தங்கமணி. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தவர், இன்னமும் வாரத்தில் மூன்று நாள் சாப்பாட்டு மேஜை நாற்காலியில்தான் ஆபீஸ் நடத்துகிறார். சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்கிறார். சரி, ஒரு நல்ல நாற்காலி வாங்கிவிடுவோம் என்று சண்டிகரில் நாலு கடை ஏறி இறங்கினோம். ஆறாயிரத்துக்கும் இருக்கிறது, லட்சத்தைத் தாண்டியும் இருக்கிறது. எல்லாவற்றிலும் 'எர்கனாமிக்' என்று ஒரே ஸ்டிக்கர்! ஒரே பெயருள்ள சரக்குக்கு இத்தனை விலை என்றால் காமர்ஸ் படித்தவனுக்குத் தூக்கம் வருமா? இதன் பூர்வோத்தரம் என்ன என்று தேட ஆரம்பித்தேன்.

கதை 1849-ல் தொடங்குகிறது. அமெரிக்காவில் தாமஸ் வாரன் என்பவர் ஒரு நாற்காலிக்குக் காப்புரிமை வாங்கினார். இருக்கைக்கு அடியில் எஃகு ஸ்பிரிங், சுழலும், சாயும், காலில் உருளைகள். 1851-ல் லண்டன் பெருங்கண்காட்சியிலும் அதை வைத்தார்கள். இன்றைய ஆபீஸ் நாற்காலியின் முக்கால்வாசி சமாசாரம் அதிலேயே இருந்தது. ஆனால் விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதே ஒழுக்கம் என்று நினைத்த காலம் அது. சொகுசு எடுபடவில்லை. அன்றைய இங்கிலாந்துக் குமாஸ்தாவுக்கு உயரமான சாய்வு மேஜையும், முதுகு வைத்துச் சாய முடியாத உயர ஸ்டூலும்தான்.

'எர்கனாமிக்ஸ்' என்ற சொல்லை 1857-லேயே போலந்து அறிஞர் யஸ்ட்ஷெம்பொவ்ஸ்கி உருவாக்கிவிட்டார். வேலை, விதி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி வைத்த பெயர். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் இங்கிலாந்தில் மரெல் என்பவர் அதே சொல்லைத் தனியாக மறுபடி கொண்டுவந்தார். நடுவில் ஒரு உலகப்போர் நடந்து முடிந்திருந்தது. மனிதனை இயந்திரத்துக்கு ஏற்ப வளைப்பதைவிட, இயந்திரத்தை மனிதனுக்கு ஏற்ப அமைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று போர் விமானங்களின் ஓட்டி அறைகள் கற்றுக்கொடுத்திருந்தன.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது கில்பர்ட் டேனியல்ஸின் கதை. அமெரிக்க விமானப்படையில் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு அவர் ஒரு கணக்குப் போட்டார். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகள். பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! 1952-ல் வந்தது அந்த அறிக்கை. சராசரி மனிதனுக்காகச் செய்த இருக்கை யாருக்குமே பொருந்தாது என்பதுதான் அதன் சாரம். நம் நாற்காலியில் ஏற்ற, இறக்க, நகர்த்த என்று இத்தனை கைப்பிடிகள் ஏன் முளைத்தன என்பதற்கு இதுதான் பதில்.

ஆபீஸ் நாற்காலிக்கு இந்த ஞானம் வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. பில் ஸ்டம்ப் என்ற வடிவமைப்பாளர் 1976-ல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக 'எர்கான்' நாற்காலியைச் செய்தார். 1994-ல் அவரும் டான் சாட்விக்கும் சேர்ந்து செய்தது 'ஏரான்'. பஞ்சு மெத்தையே கிடையாது, வெறும் வலை. சட்டை மாதிரி மூன்று சைஸ் வேறு. அன்றைய டாட்காம் கம்பெனிகள் வாங்கிக் குவித்தன. குமிழி உடைந்ததும், காலி ஆபீசும் ஏரான் நாற்காலிகளும் அந்தக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. இன்று கடைகளில் தொங்கும் வலை முதுகு எல்லாவற்றுக்கும் அதுதான் தாத்தா.

எங்கள் சண்டிகருக்கும் ஒரு நாற்காலிக் கதை உண்டு. 1950-களில் இந்த நகரத்தைக் கட்டியபோது, லெ கார்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரே இங்கேயே தங்கி, அரசு அலுவலகங்களுக்குத் தேக்கும் பிரம்பும் கொண்டு நாற்காலிகள் வடிவமைத்தார். தலைகீழ் 'வி' போன்ற கால்கள். பிற்பாடு உடைந்ததையெல்லாம் அலுவலகங்கள் காயலான் சரக்காக ஏலம் விட்டன. அவை கடல் கடந்து வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போயின. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு விற்பனைக்குத் தடை போட வேண்டியிருந்தது. பார்க்க அழகோ அழகு. ஆனால் ஒரு அங்குலம் ஏற்றவோ இறக்கவோ முடியாது. விலையும் வசதியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

நம் ஊர் ஆபீசில் நாற்காலி என்பது முதுகைவிடப் பதவிக்காக ஏற்பட்டது. பெரிய அதிகாரிக்கு உயரமான முதுகு, அதன்மேல் வெள்ளைத் துண்டு. கிளார்க்குக்குக் குட்டை முதுகு. பியூனுக்கு ஸ்டூல். அதற்கும் கீழே, உட்காரவே அனுமதி இல்லாத ஒரு கூட்டம் இருந்தது. தி.நகர் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவை விரித்துப் போட்ட பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியருக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்றன. லட்ச ரூபாய் நாற்காலியைப் பற்றி யோசிக்கும்போது, ஒரு சாதாரண ஸ்டூலுக்கே சட்டம் தேவைப்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். என்ன வாங்குவது?

டேனியல்ஸ் சொன்னதுதான் முதல் பாடம்: நாற்காலிக்கு மார்க் போடாதீர்கள், உட்காரும் ஆளை அளந்து பாருங்கள். கடையில் பார்த்த ஒரு இறக்குமதி நாற்காலியைக் கடைசி வரை இறக்கியும் தங்கமணியின் குதிகால் தரையைத் தொடவில்லை. அவர் ஐந்தடி. கால் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும், மரத்துப்போகும். வெளிநாட்டு அளவுகள் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதால்தான் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-ல் தேவ்குமார் சக்ரவர்த்தியின் இந்திய உடல் அளவுத் தொகுப்பை வெளியிட்டது.

ஆகவே, பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும். இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இடுப்புத் தாங்கி மேலும் கீழும் நகர வேண்டும். கைப்பிடி மேஜைக்கு அடியில் போகும் அளவுக்கு இறங்க வேண்டும். 'பிஃப்மா' முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது உறுதிக்கும் பாதுகாப்புக்கும்தான் சாட்சி, உங்கள் இடுப்புக்கு அல்ல. கூச்சப்படாமல் கடையிலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். முக்கியமாக, நம்மைப் போல மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிறவர்கள், அடுத்த ஊரிலும் ரிப்பேர் செய்ய ஆள் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் வாங்கியது 22,000 ரூபாய்க்கு, இருக்கை முன்னும் பின்னும் நகரும் உள்நாட்டுத் தயாரிப்பு. தங்கமணியின் வேலை, சாயங்காலத்தில் மகளின் படிப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,800 மணி நேரம். எட்டு வருஷத்தில் 14,400. மணிக்குச் சுமார் ஒன்றரை ரூபாய். நாற்காலியின் தேய்மானத்தை இப்படி எழுதிவிடலாம். முதுகெலும்பின் தேய்மானத்தை எழுத எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

கடைசியாக ஒன்று. 1960-களில் ஸ்வீடனில் நாக்கெம்சன் என்ற டாக்டர், முதுகெலும்புத் தட்டில் ஊசி செருகி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காருவதில்தான் அழுத்தம் அதிகம் என்றார். 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழு, ஒரு தன்னார்வலரின் முதுகில் கருவி பொருத்தி ஒரு நாள் முழுக்க அளந்து, அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை, சாய்ந்து உட்கார்ந்தால் இன்னும் குறைவு என்றது. சரியாக உட்காருவதைவிட, உட்காரும் விதத்தை அடிக்கடி மாற்றுவதுதான் முக்கியம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

2003-ல் நான் பாங்கில் சேர்ந்த கிளையில் கனமான லெட்ஜர்கள் இன்னும் இருந்தன. ஒரு கையெழுத்தைச் சரிபார்க்க எழுந்து போக வேண்டும், ஒரு வவுச்சர் தேட ஸ்டோர் ரூமுக்கு நடக்க வேண்டும். 1984-ன் ரங்கராஜன் குழு அறிக்கையில் தொடங்கிய கம்ப்யூட்டர்மயம், கோர் பாங்கிங்கோடு முழுமையானது. வாடிக்கையாளருக்குப் பெரிய வரம்தான். ஆனால் எல்லாம் திரைக்கே வந்துவிட்டதால் நாங்கள் எழுந்திருக்கக் காரணமே இல்லாமல் போயிற்று. அந்தக் காரணத்தை இப்போது நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் வீட்டில் தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைப்பதில்லை. தாகம் எடுத்தால் சமையலறை வரை நடந்தே ஆக வேண்டும்.