ஒளியின் விரைவும் அதனை அளந்த வரலாறும்

இறைவனை ஒளியுருவாகக் கண்டு வழிபடுதல் தமிழ்நாட்டின் தொன்னெறி. அண்ணாமலையில் அடிமுடி காணவொண்ணாச் சோதிப் பிழம்பாய் நின்ற பெருமானைத் திருக்கார்த்திகையன்று ஓர் அகல் விளக்கிலும் காண்கின்றோம். குடமுழுக்கு நன்னாளில் திருத்தங்கல் திருமலைமீது தீபாராதனை எழுங்கால் அடியார் கண்கள் நாடுவதும் அவ்வொளியையே. அவ்வொளி நம் கண்ணை வந்தடைய நேரம் கொள்கின்றதா? கொள்ளுமாயின் அதனை அளந்தவர் யாவர்? எவ்வாறு அளந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தரும் வரலாற்றில் நம் சென்னை மாநகருக்கும் ஓர் இடமுண்டு. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளை ஆராயப் புகுமுன் அதனை அறியும் கருவியை ஆராய்தல் வேண்டும் என்பது அருணந்தி சிவாசாரியார் வைத்த முறை. அதனாலன்றோ சிவஞான சித்தியார் அளவையில் தொடங்குகின்றது! அளவைகள் பலவாக எண்ணப்படினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும். மடங்களிற் பாடங்கேட்ட எம்மனோர்க்கு இது முதற்பாடம். ஒளியின் விரைவையும் இம்மூன்றனாலும் நோக்குவோம்.

முதலாவது காண்டல். சிவகாசியை அடுத்துள்ள இவ்வூர் மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தொலைவில் ஒரு வாணம் வெடிக்கின்றது. ஒளி முன்னே தோன்றுகின்றது. ஓசை பின்னே வருகின்றது. ஓசை ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி கொள்ளும். ஆதலின் ஒளிக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி மூன்றால் வகுப்பின் வெடி எத்துணைத் தொலைவிலது என்பது புலனாகும். இச்சிறு கணக்கினையே பெருமுயற்சியாகச் செய்து காட்டியவர் சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்காம்.

அவ்வானாய்வுக்கூடம் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினியாரால் அமைக்கப்பெற்றது. அவ்வாண்டு குறித்துத் தமிழிலும் தெலுங்கிலும் பிறமொழிகளிலும் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் ஒன்றும் அங்கே நாட்டப்பெற்றது. 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைக் கண்டு, ஓசை வந்தடையும் வரை சென்ற காலத்தைக் கோல்டிங்காம் குறித்து வந்தார். கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்று மேலும், பரங்கிமலை ஐந்தரை மைலுக்குச் சற்று மேலும் தொலைவிலுள்ளவை. மலையினின்று ஓசை வந்துசேர இருபத்தைந்து விநாடிக்கு மேலாயிற்று. காற்றின் வெப்பமும் ஈரமும் மாறுந்தோறும் ஓசையின் விரைவும் மாறுதலைத் திங்கள்தோறும் கணித்து, 1823-இல் இலண்டன் அரச சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பீரங்கியின் ஒளி கண்ணுக்கு வரும் காலத்தை அவர் கணக்கிற் சேர்த்தாரோ எனின், சேர்த்திலர், சேர்க்க வேண்டுவதுமில்லை. ஒரு விநாடியை முப்பத்து மூவாயிரம் கூறாக்கின் அவற்றுள் ஒரு கூறே பரங்கிமலை ஒளி வந்துசேரக் கொள்ளும் காலம். அதனைக் காட்டும் கடிகாரம் அன்று எவரிடத்தும் இல்லை.

ஆயின் அதே அறிஞர் வியாழனின் துணைக்கோள்கள் மறையும் கிரகண நேரங்களைக் கொண்டு சென்னையின் நெடுங்கோட்டையும் கணித்தவர். அங்கே ஒளியின் காலத்தைப் புறக்கணித்தல் இயலாது. வியாழனொளி நம்மை வந்தடைய அரைமணி நேரத்துக்கு மேலாகின்றது. ஆதலின் அக்காலக் கிரகண அட்டவணைகளில் ஒளி வரும் காலமும் சேர்த்தே கணிக்கப்பட்டிருந்தது. பரங்கிமலைக்குப் பொருட்படுத்தத்தகாத ஒன்று வியாழனுக்கு இன்றியமையாததாயிற்று.

இதனைக் கண்டறிந்தது கருதலளவையால். பாரிசு வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்த டென்மார்க்கு நாட்டறிஞர் ஓலே ரோமர், 1676-இல் வியாழனின் அயோ என்னும் துணைக்கோளை நோக்கினார். அது நாற்பத்திரண்டரை மணிக்கொருமுறை வியாழனின் நிழலில் மறைவது. பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் திங்கள்களில் கிரகணம் கணித்த நேரத்திற்குப் பிந்தியும், நெருங்கிச் செல்லும் திங்கள்களில் முந்தியும் நிகழக் கண்டார். கோயிலில் நாழிகைதோறும் மணி அடிக்க, ஒருவர் கோயிலை விட்டு நடந்துகொண்டே இருப்பின், ஒவ்வொரு மணியோசையும் முந்தையதினும் சற்றுப் பிந்தியே அவர் செவிக்கு எட்டுமன்றோ? அவ்வாறே இதுவும். பூமி செல்லும் பாதையின் குறுக்களவை ஒளி கடக்க இருபத்திரண்டு நிமிடமாகும் என்று அவர் முடிவு செய்தார். உண்மை ஏறத்தாழப் பதினாறே முக்கால் நிமிடம். அளவிற் பிழையிருப்பினும் ஒளிக்கும் வேகமுண்டு என்னும் கருத்து நிலைத்தது.

விண்ணிற் கருதியதை மண்ணிற் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பீசோ. 1849-இல் 720 பற்களுடைய சக்கரமொன்றின் பல்லிடுக்கின் வழியே ஒளியை விடுத்து, 8,633 மீட்டருக்கு அப்பால் நின்ற ஆடியிற் பட்டு மீளச் செய்தார். சக்கரம் விநாடிக்குப் பன்னிரண்டரைச் சுற்றுக்குச் சற்று மிகுந்து சுழன்றபோது, மீண்டு வந்த ஒளியை அடுத்த பல் மறைத்துவிட்டது. சென்று மீண்ட காலம் விநாடியில் ஏறத்தாழப் பதினெண்ணாயிரத்தில் ஒரு பங்கு என்பது இதனாற் பெறப்பட்டது; விரைவு 3,13,000 கிலோமீட்டர் அளவில் வந்தது. 1862-இல் பூக்கோ சுழலும் ஆடியால் 2,98,000 எனக் கண்டார். 1926-இல் மைக்கல்சன் அமெரிக்க மலைகளிரண்டனிடையே ஒளியை விடுத்து 2,99,796 எனக் கணித்தார். இறுதியில் 1983-இல், ஒளி விநாடிக்குச் செல்லும் தொலைவு 29,97,92,458 மீட்டர் என வரையறுத்து, மீட்டர் என்னும் அளவையே ஒளியைக் கொண்டு நிறுவினர். அளக்கப்பட்ட ஒளி அளவுகோலாகவே ஆயிற்று.

இனி உரையளவை. விசயநகரத்துப் புக்கராயர் காலத்துச் சாயணாசாரியர், இருக்கு வேதம் முதல் மண்டலம் ஐம்பதாம் சூக்தத்திற்கு எழுதிய உரையில், அரை நிமிடத்தில் 2,202 யோசனை கடக்கும் கதிரவனுக்கு வணக்கம் என்னும் பொருளுடைய பழைய சுலோகம் ஒன்றை எடுத்துக்காட்டுகின்றார். ஈண்டு நிமிடமென்றது கண்ணிமைப் பொழுதினை. யோசனை ஒன்பது மைல் எனவும், அப்பொழுது விநாடியில் ஐந்திலொன்றுக்குச் சற்று மிகுந்தது எனவும் கொள்ளின், இன்றைய கணக்கிற்கு மிக அணித்தான எண் வருகின்றது. இதனைக் காட்டி, ஒளியின் விரைவை முன்னோர் அளந்தறிந்தனர் என மேடைதோறும் மொழிவாருளர்.

அன்பர்கள் இதனை ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். யோசனை நூலுக்கு நூல் வேறுபடுவது. ஐந்து மைல் எனக் கொள்ளின் விடை பாதியளவிற்கு வந்துவிடும். விடையை முன்னே வைத்துக்கொண்டு அளவைத் தெரிந்தெடுத்தல் அளத்தலாகாது. அன்றியும் அவ்வணக்கம் கதிரவனது செலவைக் கூறுகின்றதேயன்றி ஒளியின் செலவை விதந்து கூறவில்லை. அளந்த முறையும் அங்கில்லை. சான்றோர் வாக்கினை அவர் கருதிய பொருளிற் கொள்வதே உரையளவை. நாம் விரும்பும் பொருளை அதன்மேல் ஏற்றுதல் அவருக்குச் செய்யும் சிறப்பன்று. சாயணர் பெருமைக்கு நான்கு வேதங்களின் உரைத்தொண்டே சாலும்.

சங்கப் புலவருள் தங்கால் பொற்கொல்லனார் என்பார் ஒருவர் உளர். தங்கால் என்பது இத்திருத்தங்கலே என்பர். பொற்கொல்லர் பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்த்தே மாற்றுச் சொல்வர். அதனாற் பொன்னுக்கு இழுக்கில்லை. மெய்யன்பும் அத்தகையதே. பொய்ப்புகழ் அதற்குத் துணையாக வேண்டுவதில்லை.

மார்கழித் திருவாதிரையில் நாம் காணும் ஆதிரை மீனின் ஒளி சில நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டு வருவது. கதிரவனொளியும் எட்டு நிமிடத்திற்கு முற்பட்டதே. புறவொளி யாவும் வந்துசேரக் காலம் வேண்டுவன. உயிர்க்குயிராய் உள்நின்ற சிவவொளியோ வந்துசேர வேண்டுவதின்றி என்றும் உடனிருப்பது. முன்னதை அளந்தறிதல் அறிவின் கடன். பின்னதை வணங்கியுணர்தல் அன்பின் கடன்.