எல்லைக்கல்லும் இறைமையும்

இறைமை, வல்லமை என்னும் இரு சொற்களையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். ஒரு நிலப்பரப்பில் மேலோர் எவரிடமும் அனுமதி பெறாது சட்டம் இயற்றும் உரிமையே இறைமை. தாம் எண்ணியதைப் பிறரைக் கொண்டு நிறைவேற்றும் ஆற்றலே வல்லமை. இவ்வேறுபாட்டை அறிய நம் திருத்தணியின் வரலாறே போதிய பாடமாகும்.

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி அதனுடன் சென்றது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைக் கிளர்ச்சிக்குப் பின்னர், பட்டாஸ்கர் அளித்த முடிவையொட்டி 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது.

இம்மாற்றத்திற்குச் சாதாரணச் சட்டமே போதியதாயிற்று. அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, மாநில எல்லையை மாற்ற அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஒப்புதல் தேவையில்லை. அக்காலத்திலேயே, மேற்கு வங்கத்துப் பெருபாரியின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்கு அளிக்கும் உடன்பாடு பற்றிய வினா எழுந்தது. அயல்நாட்டுக்கு நிலம் அளிக்க 3ஆம் பிரிவுச் சட்டம் போதாது, அரசியல் சட்டத் திருத்தமே வேண்டும் என உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆகவே 9ஆம் திருத்தம் நிறைவேறியது. மாநில எல்லை நிர்வாகத்தின் எல்லை. நாட்டின் எல்லையோ இறைமையின் எல்லை.

எனினும் இறைமை உடையார் அனைவரும் வல்லமை உடையார் அல்லர். 1945இல் தோன்றிய ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம், உறுப்பு நாடுகள் யாவும் இறைமையில் சமம் என்கிறது. பொதுச்சபையில் சின்னஞ்சிறு நவுரு தீவுக்கும் ஒரு வாக்கு. சீனத்துக்கும் ஒரு வாக்கு. ஆயின் பாதுகாப்பு மன்றத்தில் தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை ஐந்து நாடுகளுக்கே உண்டு.

இளைஞர்களே! இக்காட்சி நமக்குப் புதிதன்று. அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பட்ட வாழ்வில் நாம் நுழையப்போகிறோம் என அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்றே எச்சரித்தார். மொழிவழி மாநிலங்களில் பெருஞ்சாதிகளின் ஆதிக்கம் ஓங்கும், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று 1955இல் எழுதினார். திருத்தணியில் எல்லைக்கல் இடம் மாறியது. ஊருக்கும் சேரிக்கும் இடையே இருந்த எல்லை அதனால் மாறிவிடவில்லை.

1992இல் நிறைவேறிய 73ஆம் திருத்தம் ஊராட்சித் தலைமையில் நமக்கு இடம் ஒதுக்கியது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைமை அமையவில்லை. 2006இல்தான் தேர்தல் நிறைவேறியது. சட்டம் நாற்காலியை அளித்தது. வல்லமை அதில் அமரவிடாது தடுத்தது.

உரிமையைச் சட்டம் வழங்கும். அதைக் கையாளும் ஆற்றலைக் கல்வியும் ஒற்றுமையும் அமைப்புமே வழங்கும். ஆதலின், அரசியல் சட்டத்தை நம் இல்லந்தோறும் படிக்கும் நூலாக்குவோம்.