கொல்லிமலை அடிவாரத்திலிருந்து நூல் முகப்புக்கு: ஆதிமூலத்தின் கோடும் தமிழ் அட்டையின் கவர்ச்சியும்

நூலட்டையின் கவர்ச்சியை ஓவியனின் கைத்திறனாகவே கொண்டு பேசும் வழக்கம் தமிழில் நெடுநாளாக நிலவுகிறது. அட்டை எப்படி அமையும் என்பதை அச்சகத்தில் கிடைத்த கருவி, பதிப்பாளரால் செலவிட முடிந்த தொகை, நூல் விற்பனையாகும் இடம் ஆகிய மூன்றும் பெருமளவு முடிவு செய்தன என்பதும், அந்த நெருக்கடியைத் தன் பாணிக்குரிய வாய்ப்பாக மாற்றிக்கொண்ட ஓவியரிடமே நவீனத் தமிழ் அட்டை தனக்கென ஒரு முகத்தைப் பெற்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம். அவ்வோவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008).

ஆதிமூலம் பிறந்த கீரம்பூர், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் துறையூரை அடுத்துள்ள சிற்றூர். கொல்லிமலையின் கிழக்குச் சரிவு இறங்கும் புளியஞ்சோலையும் அதே வட்டாரத்தைச் சேர்ந்ததே. ஊர்ப் பொருத்தத்தைக் கொண்டு கலைக்குக் காரணம் கற்பிப்பது ஆய்வாகாது. ஆயினும் கவர்ச்சி என்பதைப் பற்றிச் சிந்திக்க அம்மலை ஓர் அளவுகோலைத் தருகிறது. கொல்லிப்பாவை என்னும் உருவத்தை நற்றிணையும் குறுந்தொகையும் அகநானூறும் தலைவியின் அழகுக்கு ஒப்பாகக் கூறுகின்றன. பரணர் பாடியதாகக் கொள்ளப்படும் நற்றிணை 201ஆம் பாடலில், காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் வடிவு குன்றாதது அப்பாவை. பிற்கால மரபிலோ அது சிரித்து மயக்கி, அணுகுவோரை அழிக்கும் உருவாகிறது. பார்த்த கணத்தில் ஈர்ப்பது ஒன்று, பலமுறை பார்த்தபின்னும் வடிவு குன்றாதது மற்றொன்று எனக் கவர்ச்சியை இருவகையாகப் பிரித்துக்கொள்ள இம்மரபு இடமளிக்கிறது. 

முதல்வகைக் கவர்ச்சியின் களம் மாத நாவல். 1969இல் தொடங்கிய 'ராணிமுத்து' முதலாக, பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கவிடப்பட்ட இவ்வகை வெளியீடுகளை வாங்குபவர் பெரும்பாலும் பயணி. பேருந்து புறப்படுவதற்குள் அவர் பார்வையை இழுத்தாக வேண்டும். அடர்ந்த வண்ணமும், பெண் முகமும், துப்பாக்கியும், சாய்வாகப் பாயும் தலைப்பும் அந்த அவசரத்திலிருந்து பிறந்தவை. ஜெயராஜ், ஷ்யாம் போன்ற ஓவியர்களின் அட்டைகளை மலினம் என்று தள்ளிய இலக்கிய விமர்சனம், அவை தமக்கு இடப்பட்ட பணியைச் செம்மையாகச் செய்தன என்பதைக் காணத் தவறியது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மாத நாவல் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து அதே பாணி அட்டையுடன் வெளியிட்ட பிறகே, படித்தவர் வட்டம் அவ்வோவியங்களை ரசிக்கத் துணிந்தது.

சிற்றிதழ் சார்ந்த பதிப்பாளரின் நிலை வேறு. குறைந்த படிகளே அச்சிடும் அவருக்குப் பலவண்ண அட்டை எட்டாத செலவு. ஈய எழுத்து கோத்து அச்சிட்ட அக்காலத்தில் படத்தை அச்சேற்ற 'பிளாக்' வேண்டும். கருங்கோட்டுப் படத்தை ஒளிப்பட முறையில் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி, கோடில்லாத பகுதியை அமிலத்தால் அரித்து, தகட்டை மரக்கட்டையில் பொருத்தி எடுப்பது கோட்டு பிளாக். சாம்பல் சாயல்களை நுண்புள்ளிகளாகப் பிரித்துக் காட்டுவது ஹாஃப்டோன் பிளாக். பின்னதற்குக் கூலியும் மிகுதி, வழவழப்பான தாளும் தேவை. வண்ணம் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் தனி பிளாக் செய்து, தாளை மீண்டும் மீண்டும் இயந்திரத்தில் செலுத்த வேண்டும். ஆகவே ஒற்றைக் கருங்கோடே சிற்றிதழ்க்காரருக்குக் கட்டுப்படியான ஓவிய மொழி. தலைப்பிலும் இதே நெருக்கடி நிலவியது. தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை மிகுதியால் பெரிய அளவு ஈய எழுத்துகளை விதவிதமாக வார்த்து வைப்பது செலவுமிக்கதாக இருந்தமையால், அச்சகங்களில் தலைப்புக்குக் கிடைத்த வகைகள் சிலவே. மாறுபட்ட தலைப்பு வேண்டியவர் ஓவியரைக் கொண்டே எழுதுவிக்க வேண்டியிருந்தது.

ஆதிமூலத்தின் கலை இவ்விடத்தில்தான் பொருந்துகிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியின் உருவத்தை நூற்றுக்கணக்கில் கோடுகளாலேயே வரைந்த அவருக்குக் கறுப்பு மை குறைபாடாகத் தோன்றவில்லை. 1970இல் தொடங்கிய 'கசடதபற' முதலிய சிற்றிதழ்களின் சூழலோடு அவர் கொண்ட தொடர்பும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது வரைந்த படங்களும் இக்கோட்டைச் சிறுகுழுவிடமிருந்து பெருந்திரள் வாசகரிடம் கொண்டுசென்றன. அவர் எழுதிய தலைப்பெழுத்துகளில் தடிப்பு சீராக இராது. சுழிகள் நிறைவடையாமல் நிற்கும். கல்லில் உளி சென்ற தடத்தையும் ஓலையில் எழுத்தாணி கீறிய தடத்தையும் அவை ஒருங்கே நினைவூட்டும். படமொன்று இல்லாமலேயே அட்டை நிறைந்துவிடுவதற்கு அவ்வெழுத்தே காரணம். கதையின் ஒரு காட்சியை முன்கூட்டிக் காட்டாததால், நூலைப் படித்து முடித்த வாசகர் மீண்டும் நோக்கும்போதும் அவ்வட்டை பொய்த்துப்போவதில்லை; வடிவு குன்றாத இரண்டாம்வகைக் கவர்ச்சி இதுவே.

இச்சாதனைக்கு ஒரு தீய விளைவும் உண்டு. இவ்வெழுத்து 'தீவிர இலக்கியம்' என்பதன் முத்திரையாகிவிட, பிறர் அதைப் போலி செய்து எழுதிய தலைப்புகளைச் சாரமற்ற நூல்களும் அணிந்தன. 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் உருவாக்கிய க்ரியா பதிப்பகம் அட்டை, உள்பக்க அமைப்பு, எழுத்தளவு மூன்றையும் ஒரே வடிவமைப்பாகக் கருதியமை இப்போலிக்குத் தக்க மாற்றாக அமைந்தது. ஆஃப்செட் அச்சும் கணினியும் பரவியபின் ஒளிப்படம் மலிந்தது. செலவுத்தடை நீங்கியதும் கோட்டுக்கான கட்டாயமும் நீங்கியது. கருப்பொருளோடு தொடர்பற்ற ஒளிப்படத்தின்மீது ஆயத்த எழுத்துருவைப் பதிக்கும் இன்றைய அட்டைகளுள் பல, மாத நாவலின் வேகமும் சிற்றிதழின் நிதானமும் இல்லாதவை என்றே சொல்ல வேண்டும்.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுவதற்குச் சான்றுகளே பெருந்தடை. நூலகங்கள் பழுதடைந்த நூலைக் காலிகோ துணியிட்டு மறுகட்டுச் செய்யும்போது மூல அட்டை கழிக்கப்படுகிறது. மறுபதிப்பில் புது அட்டை வரும்போது பழைய ஓவியரின் பெயரும் மறைகிறது. ஆகவே மறுகட்டுக்கு முன் மூல அட்டையை நூலினுள் சேர்த்தே கட்டுவதையும், நூற்பட்டியலில் அட்டை ஓவியருக்கும் தலைப்பெழுத்தாளருக்கும் தனிப் பதிவு தருவதையும் பொது நூலகங்களும், தமிழ் அச்சு நூல்களைப் பேணிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களும் விதியாக்க வேண்டும்.