குழலடியில் பொறித்த ஆண்டு: ஆஸ்திரேலியாவில் பழைய இத்தாலிய ஷாட்கன்

ஒரு குழலின் மேல் இன்னொன்றாக அமைந்த இரட்டைக்குழல் ஷாட்கன் ஆஸ்திரேலியாவுக்குப் பிந்தி வந்த சரக்கு. இரண்டாம் உலகப் போர் வரை சிட்னி, மெல்பர்ன் கடைகளில் அதிகம் விற்றவை பர்மிங்ஹாமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் செய்யப்பட்ட, குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த துப்பாக்கிகளே. மேல்-கீழ் அமைப்பை லண்டனில் பாஸ் நிறுவனம் 1909இலேயே செம்மைப்படுத்தியிருந்தது. ஆனால் அது பெருஞ்செல்வர் வாங்கும் பொருள். அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்து பெல்ஜியத்தில் தயாரான சூப்பர்போஸ்ட் 1931இல் சந்தைக்கு வந்த பிறகுதான் இந்த அமைப்பு நடுத்தர விலைக்கு இறங்கியது. அதே பத்தாண்டின் நடுவில் இத்தாலியின் பெரெட்டா நிறுவனம், துல்லியோ மரெங்கோனி வடிவமைத்த எஸ்ஓ வரிசையை வெளியிட்டது.

பெரெட்டாவின் ஊர் கார்டோனே வால் திரோம்பியா. பிரேஷியா நகருக்கு வடக்கே, இரும்புத் தாதும் ஓடும் நீரும் விறகும் ஒருங்கே கிடைத்த மலைப் பள்ளத்தாக்கு அது. வெனிஸ் அரசின் படைக்கலச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் கொடுத்ததற்காக பார்த்தொலோமேயோ பெரெட்டாவுக்கு 296 டுகாட் தரப்பட்டதாக 1526ஆம் ஆண்டு ஆவணம் சொல்கிறது. பெர்னார்தெல்லி, சோலி, ரிட்ஸினி, ஃபவுஸ்தி என்று இன்றும் கேட்கும் பெயர்கள் பலவும் இந்தப் பள்ளத்தாக்கையோ அதன் அக்கம்பக்கத்தையோ சேர்ந்தவை. குழல் செய்பவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் இன்னொருவர், பூவேலை பொறிப்பவர் மற்றொருவர் என்று வேலை வீடுவீடாகப் பிரிந்திருந்த ஊர். அதனால் பெயரே கேள்விப்படாத ஒரு துப்பாக்கியில் முதல்தரக் குழல் பொருந்தியிருப்பது அங்கே வியப்பில்லை.

இத்தாலிய ஷாட்கனுக்கு ஆஸ்திரேலியாவில் பெயர் வாங்கிக் கொடுத்தது 1956 மெல்பர்ன் ஒலிம்பிக். டிராப் போட்டி நகருக்கு மேற்கே லாவர்ட்டன் விமானப்படைத் தளத்தில் நடந்தது. எறிபொறி வீசும் தட்டைப் பறக்கும்போதே சுட்டு உடைப்பதுதான் டிராப். (புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியதும் இதே போட்டி.) இத்தாலியின் கலியானோ ரொஸ்ஸினி 200க்கு 195 தட்டு உடைத்துத் தங்கம் வென்றார். வெள்ளி போலந்தின் ஆடம் ஸ்மெல்சின்ஸ்கிக்கு. வெண்கலம் மீண்டும் இத்தாலிக்கு, அலெஸ்ஸாந்த்ரோ சிச்சேரி. ரொஸ்ஸினியின் கையில் இருந்தது பெரெட்டா. அடுத்த ஆண்டே, 1957இல், பிரேஷியாவுக்கு அருகே தானியேலே பெராட்ஸி தன் பட்டறையைத் தொடங்கினார். 1964 டோக்கியோவில் எனியோ மத்தரெல்லி பெராட்ஸி துப்பாக்கியால் தங்கம் வென்றார். 1968 மெக்ஸிகோ போட்டியை ஒட்டி உருவான எம்எக்ஸ்8 இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. விசைத் தொகுதியைத் தனியே கழற்றி மாற்றலாம் என்பது அதன் சிறப்பு. போட்டி நடுவே வில் முறிந்தால் மாற்றுத் தொகுதியைச் செருகித் தொடரலாம்.

ஒரு பழைய இத்தாலிய மேல்-கீழ் துப்பாக்கி விற்பனைக்கு வரும்போது முதல் கேள்வி அதன் வயது. மேலே பொறித்த நிறுவனப் பெயர் இதற்கு அதிகம் உதவாது. ஒரே பெயரில் முப்பது ஆண்டுக்காலம் விற்றவை உண்டு. இறக்குமதியாளர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டவையும் உண்டு. விடை குழலின் அடியில் இருக்கிறது. துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு, முன்கைக் கட்டையைக் கழற்றி, நெம்பைத் தள்ளி, குழல்களைச் சட்டத்திலிருந்து விலக்கினால், தோட்டா அறையை ஒட்டிய பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாகத் தெரியும். இத்தாலியில் ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்த்துத் தேறினால்தான் விற்கலாம். அதற்கான தேசிய சோதனைச் சாலை 1910 முதல் இயங்குகிறது.

ஒரு மாதிரியைப் படித்துப் பார்க்கலாம். பல்சக்கரத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம், கீழே பிஎஸ்எஃப் என்ற எழுத்துகள். பிஎஸ்எஃப் என்றால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது என்று பொருள். சக்கரமும் நட்சத்திரமும் இத்தாலியக் குடியரசின் சின்னம். அந்த இடத்தில் மகுடம் இருந்தால் அது பழைய மன்னராட்சியின் சின்னம். அருகே 12 என்பது குழல் அளவு, 70 என்பது தோட்டா அறையின் நீளம் மில்லிமீட்டரில். 65 என்று இருந்தால் எச்சரிக்கை தேவை. இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் பெரும்பாலானவை அந்தக் குட்டை அறைக்கு ஒவ்வாதவை. கிலோ என்ற குறியுடன் வரும் 1.430 போன்ற எண் சோதனையின்போது குழல்களுக்கு இருந்த எடை. இப்போது எடை போட்டுப் பார்த்துக் கணிசமாகக் குறைந்திருந்தால், உள்ளே யாரோ தேய்த்துத் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அல்லது குழலை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாத சாட்சி இந்த எண்.

கடைசியாக, சிறு கட்டத்துக்குள் எக்ஸ்எக்ஸ்7 என்று ஒரு குறி. சோதனை நடந்த ஆண்டு அதுதான். போர் முடிந்த 1945ஐ ஒன்று என வைத்து ரோம எண்களில் ஆண்டைப் பொறித்தார்கள். ஆகவே 1954க்கு எக்ஸ், 1964க்கு எக்ஸ்எக்ஸ். 1970 முதல் சில ஆண்டுகள் ரோம எண்ணோடு சாதாரண இலக்கத்தைக் கலந்தார்கள். எக்ஸ்எக்ஸ்7 என்பது 27, அதாவது 1971. மூன்று எக்ஸ் 1974. அதன்பின் 1975 முதல் ஏஏ, ஏபி என ஈரெழுத்து முறை. இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு, விற்பவர் சொல்லும் குடும்பக் கதையைவிடக் குழலே அதிகம் சொல்லும்.

இந்தத் துப்பாக்கிகளின் ஆஸ்திரேலிய வரலாற்றை 1996 இரண்டாகப் பிளந்தது. அந்த ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். மே 10 அன்று மத்திய, மாநில அரசுகள் தேசியத் துப்பாக்கி ஒப்பந்தத்துக்கு இசைந்தன. தானியங்கி முறையில் தோட்டா ஏறும் ஷாட்கன்களும் பம்ப் வகைகளும் சாதாரண உரிமதாரர் கைக்கு எட்டாதவை ஆயின. அரசு சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. செலவுக்கு, பொது மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரி ஓராண்டுக்கு 1.5 சதவீதத்திலிருந்து 1.7 ஆனது. எந்தத் தயாரிப்புக்கு, எந்த மாடலுக்கு என்ன இழப்பீடு என்று அரசே விலைப்பட்டியல் வெளியிட்டது. பெரெட்டா, ஃபிராங்கி, பெனெல்லி நிறுவனங்களின் தானியங்கி ஷாட்கன்கள் அந்தப் பட்டியல்படி உருக்காலைக்குப் போயின. பெரெட்டா, ஃபிராங்கி போன்றவற்றின் மேல்-கீழ் இரட்டைக்குழல்களோ கட்டுப்பாடு மிகக் குறைந்த ‘ஏ’ பிரிவில் தங்கின. தட்டு சுடுபவரிலும் முயல் சுடும் பண்ணைக்காரரிலும் பலர் இரட்டைக்குழலை நாடினார்கள். அதே ஆண்டு அட்லாண்டாவில் மைக்கேல் டயமண்ட் டிராப்பிலும் ரஸ்ஸல் மார்க் இரட்டை டிராப்பிலும் ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம் வென்றார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், நகரின் மேற்கே சிசில் பார்க்கில், டயமண்ட் மீண்டும் தங்கம் வென்றார்.

தேவை இருந்தும் எல்லாப் பழைய இத்தாலிய ஷாட்கனுக்கும் விலை ஏறவில்லை. காரணம் குழல் வாயில் இருக்கிறது. பழையவற்றில் சோக் எனப்படும் வாய்க்குறுக்கம் நிலையானது. அதன் அளவை நட்சத்திரங்களால் குறித்தார்கள். ஒற்றை நட்சத்திரம் மிக நெருக்கம். நட்சத்திரம் கூடக்கூட வாய் விரியும். ஈய ரவைக்கு இது பொருந்தும். வாத்து வேட்டைக்கு ஈயத்தை விக்டோரியா தடை செய்துவிட்டது. நியூ சௌத் வேல்ஸ் பொழுதுபோக்கு வாத்து வேட்டையையே 1995இல் நிறுத்திவிட்டது. எஃகு ரவையை இறுகிய பழைய வாய்வழியே சுட்டால் குழல் முனை புடைக்கலாம். ஆகவே ஒற்றை நட்சத்திரக் குழல் கொண்ட 1960களின் வேட்டைத் துப்பாக்கி வாத்து வேட்டைக்காரருக்கு உதவாது. தட்டு சுடுபவருக்கோ அதன் எடை போதாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் மலிவாகத்தான் போகும். நீளக் குழலும் கனமும் கொண்ட டிராப் துப்பாக்கி, அதிலும் உதிரிபாகம் இன்றும் கிடைக்கும் எம்எக்ஸ்8 என்றால், கதை வேறு.

மதிப்பிடுபவர் அடுத்துப் பார்ப்பவை எளிய சோதனைகள். முன்கைக் கட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டிய குழலைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் கீலும் பூட்டும் தேய்ந்திருக்கின்றன. குழல்களைத் தனியே தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல் கணீரென ஒலிக்க வேண்டும். மொட்டையான ஓசை, இடைப்பட்டையின் பற்றாசு விட்டுப்போனதன் அடையாளம். குழலிலும் சட்டத்திலும் உள்ள எண்கள் ஒத்திருக்க வேண்டும். மூடும் நெம்பு நடுக்கோட்டுக்கு வலப்புறம் நின்றால் பூட்டில் இன்னும் ஆயுள் இருக்கிறது. இடப்புறம் தாண்டிவிட்டால் பழுதுச் செலவை விலையில் கழிக்க வேண்டும். கட்டையைப் புதிதாக மெருகேற்றி, பூவேலையின் ஓரங்கள் மழுங்கும்படி தேய்த்துப் பளபளப்பாக்கிய துப்பாக்கியைவிட, நிறம் மங்கியும் தொடாமல் விட்ட துப்பாக்கிக்கே அறிந்தவர் கூடுதல் விலை தருவர்.

விலை படிந்தாலும் பணத்தைக் கொடுத்துத் துப்பாக்கியைக் கையில் வாங்கிவிட முடியாது. 1996 ஒப்பந்தப்படி வாங்குபவருக்கு உரிமமும், இந்தத் துப்பாக்கியை வைத்திருக்க ஏற்கத்தக்க காரணமும், இதற்கென்றே தனி அனுமதியும் வேண்டும். அனுமதிக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு என்று ஒப்பந்தம் வகுத்தது. மாநிலங்கள் விதிகளை அவ்வப்போது மாற்றியும் வந்துள்ளன. தனியாரிடையே நடக்கும் விற்பனையும் பொதுவாக உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே நடக்கிறது. அவர் எண்ணைச் சரிபார்த்துப் பதிவை மாற்றுகிறார். தகப்பனாரோ தாத்தாவோ விட்டுப்போன துப்பாக்கி உரிமம் இல்லாத வாரிசின் கைக்கு வந்தால், அதுவும் வணிகரிடமோ காவல்துறையிடமோ போயாக வேண்டும். பழைய இத்தாலியத் துப்பாக்கிகளில் பல இப்படித்தான் சந்தைக்கு வருகின்றன. வணிகர் தன் லாபம், பாதுகாப்புச் செலவு, விற்க ஆகும் காலம் ஆகியவற்றைக் கழித்தே விலை சொல்வார். அவரிடமே விற்றுத் தரும்படி ஒப்படைத்து, விற்றபின் பணம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் உரிமையாளருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.